வலிக் கணக்கை வார்டு வாசலோடு முடிக்காதீர்கள்

கல்லீரல் அறுவை சிகிச்சைத் துறைக்கும் மயக்கவியல் துறைக்கும் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கும்,

கல்லீரலை வெட்டும் அறுவை சிகிச்சையின்போது, மரக்க வைக்கும் மருந்தான லிடோகெயினைச் சிரை வழியாகச் செலுத்தினால், பின்னாளில் வரும் நாட்பட்ட வலியைத் தடுக்க முடியுமா? இதைக் கண்டறியும் ஆய்வின் வரைவை நோயாளிகள் தரப்புக் கருத்துக்காக எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். முதல் வரைவில் 3, 6, 12 மாதங்களில் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பதே முதன்மைக் கேள்வியாக இருந்தது. திருத்திய வரைவில் அதைக் காணோம். முதல் 48 மணி நேரத்தில் எவ்வளவு மார்ஃபின் தேவைப்பட்டது, எத்தனையாவது நாளில் டிஸ்சார்ஜ் ஆனார்கள் என்ற இரண்டு மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. "நீண்டகாலப் பின்தொடர்தலுக்கு ஆள்பலம் போதாது" என்று ஒரே ஒரு வரியில் காரணம். தலைப்பில் மட்டும் 'நாட்பட்ட வலி' அப்படியே நிற்கிறது.

கருத்தைப் படிவத்தில் எழுதி அனுப்பினேன். "பரிசீலிக்கப்பட்டது" என்று பதில் வந்தது. வரைவில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆகவே இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரையோ மருத்துவர்களின் பெயரையோ இதில் எழுதப்போவதில்லை. பெயர் தேவைப்படாத அளவுக்குப் பல இடங்களில் நடப்பதுதான் இது.

நான் மருத்துவர் இல்லை. என் தங்கைக்குக் கல்லீரலின் வலது மடலைக் கொடுத்தவள். வலது மடல் என்பது மொத்தக் கல்லீரலில் பாதிக்கும் மேல். மிச்சமிருந்தது நீங்கள் சொன்னபடியே வளர்ந்துகொண்டது. தங்கை நன்றாக இருக்கிறாள். அதே நிலைமை திரும்ப வந்தாலும் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவேன். இந்த மடலை உறுப்புக் கொடைக்கு எதிரான புலம்பலாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

என் வலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கோப்பில் அது எங்கும் இல்லை. வலது விலா விளிம்பை ஒட்டித் தழும்பு ஓடுகிறது. அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துக் கிடக்கிறது. கிள்ளினால்கூடத் தெரியாது. ஆனால் அந்த மரத்த இடத்தின் ஓரத்தில் மெல்லிய துணி உரசினாலே எரிகிறது. இருமினால் சுரீரென்று மின்சாரம் பாய்கிறது. காரில் சீட் பெல்ட்டைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிகிறது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்த காலமே மறந்துபோய்விட்டது. "மரத்துப்போச்சு என்கிறீர்கள், வலிக்கிறது என்றும் சொல்கிறீர்கள், இரண்டும் எப்படி?" என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நரம்பு அறுபட்ட இடத்தில் இரண்டும் சேர்ந்துதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை பரிசோதனைக்கு வரும்போதும் கல்லீரலின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளாகப் பிலிருபின் பார்த்தீர்கள், ஏஎல்டி பார்த்தீர்கள், ஐஎன்ஆர் பார்த்தீர்கள், ஸ்கேன் எடுத்தீர்கள். "எல்லாம் நார்மல், சந்தோஷமாகப் போய்வாருங்கள்" என்றீர்கள். வலியைச் சொன்னபோது, தையல் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்றீர்கள். தையல் ஆறி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கடைசியில் வேறோர் இடத்தில் வலி மருத்துவர் ஒருவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் குண்டூசி முனையாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, சில கேள்விகள் கேட்டு, இது நரம்பு வலி என்றார். அவர் கேட்டது டிஎன்4 என்ற கேள்வித்தாள். எரிகிறதா, வலிக்கும் அளவுக்குக் குளிர்கிறதா, மின்சாரம் தாக்குவதுபோல இருக்கிறதா, கூசுகிறதா, ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா, மரத்திருக்கிறதா, அரிக்கிறதா என்று ஏழு கேள்விகள். தொட்டுப் பார்க்கும் சோதனைகள் மூன்று. பத்துக்கு நான்கு வந்தாலே நரம்பு வலி என்று எடுத்துக்கொள்வார்கள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. எங்கள் கோப்புகளில் இதற்கு ஓர் இடம்கூட ஒதுக்கியதில்லை.

இது ஏதோ மன பலவீனம் உள்ளவர்களின் புகார் என்று நினைப்பவர்கள் உங்களுக்குள் இருந்தால், உங்கள் துறையின் வரலாற்றையே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1998-இல் பிரிட்டனில் குரோம்பி, டேவிஸ், மெக்ரே ஆகிய மூவரும் வலி மருத்துவமனைகளுக்கு வந்த 5,130 நோயாளிகளை ஆராய்ந்தபோது, 22.5 விழுக்காட்டினரின் வலிக்கு அறுவை சிகிச்சை ஒரு காரணமாக இருந்தது. 2006-இல் லான்செட் மருத்துவ இதழில் கெலட், ஜென்சன், வுல்ஃப் எழுதிய கட்டுரை, பொதுவான அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 10 முதல் 50 விழுக்காட்டினருக்கு வலி தங்கிவிடுவதாகவும், அதில் 2 முதல் 10 விழுக்காட்டினருக்கு அது கடுமையாக இருப்பதாகவும் சொன்னது. உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இதற்குத் தனிக் குறியீடே உண்டு: அறுவை சிகிச்சைக்குப் பிறகு தோன்றி அல்லது கூடி, குறைந்தது 3 மாதம் நீடிக்கும் வலி. அந்தப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. 3 மாதம் என்பது வரையறையிலேயே இருக்கிறது. 48 மணி நேரத்தில் நிறுத்திவிடும் ஆய்வு, தன் தலைப்பில் உள்ள நோயை ஒருவரிடம்கூடக் கண்டுபிடிக்க வழியில்லை.

கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைக்குத்தான் வலி உணர்வு உண்டு. எங்களுக்குத் தங்கிவிடும் வலியில் பெரும்பங்கு வயிற்றுச் சுவரிலிருந்து வருகிறது. கல்லீரல் விலாக் கூண்டுக்குள் ஒளிந்திருப்பதால் விலா விளிம்பின் கீழே நீளமாகக் கீற வேண்டியிருக்கிறது. சிலருக்கு அது தலைகீழ் எல் வடிவில், சிலருக்கு ஜே வடிவில், சிலருக்கு மூன்று கிளையாக. அந்த வழியில்தான் 7-ஆவது விலாவிடை நரம்பு முதல் கீழே உள்ளவை வரை ஓடுகின்றன. சில அறுபடுகின்றன, சில நசுங்குகின்றன. போதாததற்கு விலாக்களைக் கொக்கி போட்டு மேலே தூக்கிக் கட்டி மணிக்கணக்கில் வைத்திருக்கிறீர்கள். வேறு வழியில்லை என்பது எனக்குப் புரிகிறது. இத்தனை நரம்புகளைத் தொந்தரவு செய்துவிட்டு, அவை பிறகு என்ன ஆயின என்று பார்க்காமல் இருப்பதுதான் புரியவில்லை.

மற்ற அறுவை சிகிச்சைகளில் இருக்கும் வலி நிவாரணத் தெரிவுகள் கல்லீரலில் சுருங்கிவிடுகின்றன என்பதையும் படித்துத் தெரிந்துகொண்டேன். முதுகில் மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்து செலுத்தும் எபிடூரல் நன்றாக வேலை செய்யும்; ஆனால் கல்லீரலில் பெரும்பகுதியை எடுத்த பிறகு ரத்தம் உறையும் தன்மை சில நாட்களுக்குக் குறைகிறது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் இறங்குகின்றன. அந்த நேரத்தில் குழாயை உருவினால் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டிவிடுமோ என்ற பயம். ரத்த அழுத்தமும் இறங்கும். விரைவு மீட்சிக்கான ஈராஸ் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலே திறந்த கல்லீரல் அறுவைக்கு எபிடூரலை எல்லோருக்கும் வழக்கமாகப் பரிந்துரைக்கவில்லை. டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் ரத்தக் கசிவையும் நினைத்துத் தயங்க வைக்கும். பாராசிட்டமாலை அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மார்ஃபினைச் சிதைப்பதும் கல்லீரலின் வேலைதான். இப்படி ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு வரும்போது, மலிவான, பழகிய ஒரு மருந்தைச் சிரை வழியாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை வருவது இயல்பு. அதனால்தான் முதல் வரைவைப் படித்தபோது மகிழ்ந்தேன்.

மருந்து ஒன்றும் புதிதில்லை. 1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். 1948-இல் சைலோகெயின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பல் பிடுங்குமுன் ஈறில் குத்துகிறார்களே, அதேதான். அறுவைக்குப் பிந்தைய வலிக்கு அதைச் சிரையில் செலுத்திப் பார்த்த பார்ட்லெட், ஹுட்டசெராணி ஆகியோரின் கட்டுரை 1961-இலேயே வெளிவந்துவிட்டது. நரம்பில் சமிக்ஞை ஓட உதவும் சோடியம் வாயில்களை அடைப்பது அதன் முதன்மை வேலை. ரத்தத்தில் கலந்து போகும்போது அழற்சியைத் தணிப்பதாகவும், காயப்பட்ட நரம்புகளின் தேவையற்ற துடிப்பை அடக்குவதாகவும் ஆய்வுக்கூடச் சான்றுகள் உண்டு.

நாட்பட்ட வலிக்கு அது உதவுமா என்பதற்கு நம்பிக்கை தந்தவை பெரும்பாலும் மார்பக அறுவை சிகிச்சையில் நடந்த சிறிய ஆய்வுகள். 2012-இல் வெளியான ஒன்றில் 36 பேர்தான். 3 மாதம் கழித்து, லிடோகெயின் பெற்ற 17 பேரில் 2 பேருக்கும், பெறாத 19 பேரில் 9 பேருக்கும் வலி இருந்தது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான்கைந்து பேர் இடம் மாறியிருந்தால் முடிவே மாறிவிடும் என்பதற்குப் புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 68 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, அறுவைக்குப் பிந்தைய உடனடி வலியிலும் குடல் இயக்கத்திலும்கூட லிடோகெயினால் பயன் உண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. சிறிய ஆய்வுகள் பல வருடங்களாகக் குடல் விரைவில் இயங்கும் என்று சொல்லிவந்தன. பிரிட்டனில் பெருங்குடல் அறுவை சிகிச்சையில் 500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய அலெக்ரோ ஆய்வு முடிந்தபோது, இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆகவே லிடோகெயின் மீது எனக்கு மோகம் எதுவும் இல்லை. அது பயன்படாது என்று தெளிவாகத் தெரிந்தால் அதுவும் எங்களுக்கு லாபமே. தேவையில்லாத ஒரு மருந்து உடம்பில் ஏறாமல் இருக்கும். ஆனால் உங்கள் திருத்திய வரைவு இந்த இரண்டில் எதையும் சொல்லப்போவதில்லை. மார்ஃபின் கொஞ்சம் குறைந்தால் "லிடோகெயின் நல்லது" என்று எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்குவீர்கள். குறையாவிட்டால் "பயனில்லை" என்று மூடிவைப்பீர்கள். ஆறாம் மாதத்தில் இருமப் பயந்து உட்கார்ந்திருப்பவரைப் பற்றி இரண்டு முடிவுகளுக்கும் ஒன்றும் தெரியாது.

உடனடி வலி குறைந்தால் நாட்பட்ட வலியும் தானாகக் குறையும் என்று உங்கள் தரப்பில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். ஓரளவு உண்மைதான்: முதல் நாட்களில் கடுமையான வலி இருந்தவர்களுக்குப் பின்னாளிலும் வலி தங்கும் வாய்ப்பு அதிகம். அறுவைக்கு முன்பே இருந்த வலி, பதற்றம், இளம் வயது, நரம்புச் சேதம் ஆகியவையும் அதே பட்டியலில் வருகின்றன. ஆனால் இவை சேர்ந்து வருவதால் ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும் என்று ஆகிவிடாது. காயத்திலிருந்து வரும் சமிக்ஞைகளால் தண்டுவடமே கூருணர்வு பெற்றுவிடுகிறது, காயம் ஆறிய பிறகும் அந்த நிலை தொடர முடியும் என்பதற்கு கிளிஃபர்ட் வுல்ஃப் 1983-இலேயே சான்று காட்டினார். அந்த மாற்றத்தை மருந்து தடுத்ததா இல்லையா என்பது இரண்டாம் நாள் வலி மதிப்பெண்ணில் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. இரண்டாம் நாளில் எல்லோருக்கும் வலிக்கும். எனக்கும் அன்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் அப்போது ஒரே மதிப்பெண்தான். அவர் வலியை மறந்துவிட்டார்.

இனி பாதுகாப்பு. இந்த மடலில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான், உங்கள் வரைவில் மிகக் குறைவான வரிகள் கிடைத்திருப்பதும் இதற்குத்தான்.

லிடோகெயினை உடம்பிலிருந்து அகற்றுவது கல்லீரல். ஒருமுறை கல்லீரல் வழியாக ரத்தம் போகும்போதே அதிலுள்ள மருந்தில் பெரும்பகுதியை அது பிடித்துச் சிதைத்துவிடுகிறது. அதனால் கல்லீரலுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைப் பொறுத்தே மருந்து வெளியேறும் வேகம் அமைகிறது. இந்தத் தொடர்பு எவ்வளவு நெருக்கமானது என்றால், லிடோகெயினைச் சிறிதளவு செலுத்தி, அதன் சிதைவுப் பொருளை ரத்தத்தில் அளந்து, கல்லீரல் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனையை ஒரு காலத்தில் மாற்று அறுவைத் துறையிலேயே பயன்படுத்தினார்கள். எந்த மருந்தால் கல்லீரலின் திறனை அளந்தார்களோ அதே மருந்தை, அந்தக் கல்லீரலில் பாதியை வெட்டி எடுக்கும் நாளில், மற்ற வயிற்று அறுவைகளுக்குக் கொடுக்கும் அதே அளவில் கொடுக்கப்போகிறீர்கள். வெட்டும்போது ரத்தக் கசிவைக் குறைக்க, கல்லீரலுக்குள் போகும் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். 1908-இல் பிரிங்கிள் விவரித்த முறை அது. அந்த நிமிடங்களில் சொட்டுமருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும், வெளியேறும் வழி ஏறத்தாழ அடைபட்டிருக்கும். பிடியைத் தளர்த்திய பிறகும் மிச்சமிருக்கும் கல்லீரல் சிறியது, களைத்தது. ஏற்கெனவே சுருங்கி இறுகிய கல்லீரல் உள்ள நோயாளி என்றால் நிலைமை இன்னும் மோசம்.

சிரைவழி லிடோகெயின் பற்றி அனஸ்தீசியா என்ற மயக்கவியல் இதழில் 2021-இல் அச்சான பன்னாட்டு ஒருமித்த அறிக்கை உங்களுக்குத் தெரிந்ததுதான். தொடக்க அளவு ஒரு கிலோ எடைக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, அதையும் 10 நிமிடத்தில் மெதுவாகக் கொடுக்க வேண்டும். பிறகு மணிக்கு ஒரு கிலோவுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உண்மையான எடையை எடுக்காமல் உயரத்துக்கு ஏற்ற எடையை எடுக்க வேண்டும். 40 கிலோவுக்குக் குறைவானவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். கணக்கிட்டால் 60 கிலோ என்று கொள்ளப்படும் ஒருவருக்கு முதலில் 90 மில்லிகிராம், பிறகு மணிக்கு 90. இவை உச்ச வரம்புகள். வரம்பு என்பது முழு அளவில் வேலை செய்யும் கல்லீரலுக்கும் பொருந்தும், பாதிக் கல்லீரலுக்கும் அப்படியே பொருந்தும் என்று வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. உங்கள் வரைவில் இந்த உச்ச வரம்பே எல்லோருக்கும் பொது அளவாக எழுதப்பட்டிருக்கிறது.

ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டினால் நச்சுத்தன்மை தொடங்கும் என்பது பாடநூல் கணக்கு. முதலில் உதடும் நாக்கும் மரக்கும், வாயில் உலோகச் சுவை வரும், காதில் இரைச்சல் கேட்கும், தலை சுற்றும். அடுத்து வலிப்பு, அதையும் தாண்டினால் இதயம் தடுமாறும். விழித்திருப்பவர் "வாய் ஒருமாதிரி இருக்கிறது" என்று செவிலியரிடம் சொல்வார், சொட்டை நிறுத்திவிடலாம். முழு மயக்கத்தில் கிடப்பவர் யாரிடம் சொல்வார்? முதல் எச்சரிக்கைகள் எல்லாம் மௌனமாகக் கடந்துவிடும். வரைவில் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. நச்சானால் கொடுக்க வேண்டிய 20 விழுக்காட்டுக் கொழுப்புக் கரைசல் எங்கே இருக்கும் என்ற குறிப்பும் இல்லை. தையல் போடும்போது அறுவை மருத்துவர் வழக்கமாகக் காயத்தில் செலுத்தும் புபிவகெயினும் அதே குடும்பத்து மருந்துதானே, இரண்டையும் கூட்டிப் பார்ப்பது யார்? நரம்பை மரக்கச் செய்யும் ஊசிக்கும் லிடோகெயின் சொட்டுக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்று அதே பன்னாட்டு அறிக்கை சொல்கிறது. வரைவில் தேடினேன், இல்லை.

இதைச் சுட்டிக்காட்டியதற்குத்தான் "நீங்கள் பயப்படாதீர்கள், மயக்க மருத்துவர் பார்த்துக்கொள்வார்" என்றார்கள். மயக்க மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது ஆய்வை வடிவமைப்பவர்களின் பொறுப்பு.

ஆள்பலம் போதாது என்ற காரணத்துக்கு வருகிறேன். டிஎன்4 கேள்வித்தாளின் முதல் ஏழு கேள்விகளுக்குத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. தொலைபேசியிலேயே கேட்கலாம், அதற்கென்று தனி வரம்பு மதிப்பெண்ணும் உண்டு. நாங்கள் ரத்தப் பரிசோதனைக்கு எப்படியும் வந்துகொண்டுதான் இருக்கிறோம். கொடையாளர்களை அழைத்தால் பேசாமல் போகிறவர்கள் குறைவு. பேச்சை முடிப்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். மார்பக அறுவை சிகிச்சையில் லிடோகெயினின் பயனைப் பார்க்க ஆஸ்திரேலியாவில் தொடங்கிய லாலிபாப் ஆய்வு 4,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்கத் திட்டமிட்டு, ஒரு வருடம் கழித்து இருக்கும் வலியையே முதன்மைக் கேள்வியாக வைத்தது. அங்கே ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்க முடியும் என்று நினைத்ததை, இங்கே சில நூறு பேரிடம் கேட்க முடியாதா?

இன்னொரு காரணமும் காதில் விழுந்தது, எழுத்தில் இல்லை. வலி இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டால் இல்லாத வலியும் வந்துவிடுமாம். அறுவைக்கு முந்தைய நாள் ரத்தக் கசிவு, பித்தக் கசிவு, தொற்று, ரத்தக்கட்டு, உயிரிழப்பு என்று எல்லா ஆபத்தையும் பட்டியலிட்டு எங்களிடம் கையெழுத்து வாங்கினீர்கள். அவற்றைச் சொன்னதால் அவை எங்களுக்கு வந்துவிடும் என்று நீங்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பட்டியலில் நாட்பட்ட வலி மட்டும் இல்லை. கொடையாளர் என்பவர் நோய் எதுவும் இல்லாமல், நன்றாக நடந்து உள்ளே வந்தவர். அவருக்கு வலி தங்கினால் அது முழுக்க முழுக்க சிகிச்சை தந்த வலி. புற்றுநோய்க் கட்டிக்காகக் கல்லீரலை வெட்டிக்கொண்டவர்களின் நிலை வேறுவிதம்: அவர்கள் வலிக்கிறது என்றால் முதலில் நோய் திரும்பிவிட்டதோ என்று ஸ்கேன் எடுக்கிறீர்கள். ஸ்கேன் சுத்தமாக இருந்தால் நிம்மதியோடு அனுப்பிவிடுகிறீர்கள். வலி அவரோடேயே போகிறது. நரம்பு வலிக்கான கேபாபென்டினோ பிரிகாபலினோ எழுதிக்கொடுத்தால் பகலெல்லாம் தூக்கம். இதை வருடக்கணக்கில் விழுங்குவதைவிட, ஒருநாள் சொட்டுமருந்தில் தடுக்க முடியுமா என்று தெரிந்துகொள்வது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மருந்து இது. இதில் லாபம் பார்க்க முடியாததால் எந்த நிறுவனமும் பணம் போட்டு ஆய்வு நடத்த வராது. மருத்துவமனைகளும் பொது நிதியும்தான் நடத்தியாக வேண்டும். அரிதாகக் கிடைக்கும் இந்த வாய்ப்பையும் தவறான கேள்விக்குச் செலவழித்துவிட்டால், அடுத்த ஆய்வுக் குழு "இது ஏற்கெனவே பார்த்ததுதானே" என்று ஒதுக்கிவிடும். 2010-இல் உலக வலி ஆய்வுச் சங்கத்தின் மாண்ட்ரியல் பிரகடனம், வலிக்குச் சிகிச்சை பெறுவது அடிப்படை மனித உரிமை என்றது. உரிமை என்ற பெரிய வார்த்தை வரை நான் போகவில்லை. கேட்பது ஒரு கேள்வித்தாளும் ஓர் அளவீடும்தான்.

என் கோரிக்கைகள் இவை.

ஆய்வின் முதன்மைக் கேள்வியாக 3-ஆம் மாதத்திலும் 6-ஆம் மாதத்திலும் உள்ள வலியைத் திரும்ப வையுங்கள்; 12-ஆம் மாதத்தில் இன்னொரு முறை கேளுங்கள். வலி உண்டா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், அசையும்போது எவ்வளவு, தூக்கம் கெடுகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா, நரம்பு வலியின் குணம் இருக்கிறதா என்பதையும் நோயாளியின் மொழியிலேயே கேளுங்கள். அறுவைக்கு முன்பே ஒருமுறை கேட்டுப் பதிவுசெய்யுங்கள், பிறகு ஒப்பிட அதுதான் அடிப்படை. மார்ஃபின் அளவையும் டிஸ்சார்ஜ் நாளையும் துணைக் கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. இதற்குப் போதுமான எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்க்க ஒரு மருத்துவமனையால் முடியாதென்றால் மற்ற மையங்களோடு சேருங்கள்.

மருந்தின் அளவை எவ்வளவு கல்லீரல் மிஞ்சுகிறது என்பதை வைத்து நிர்ணயியுங்கள். ரத்தக் குழாய்களை இறுக்கும் நேரத்தில் சொட்டை நிறுத்துவதா குறைப்பதா என்று எழுத்தில் வையுங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவைக் குறித்த நேரங்களில், முக்கியமாக வெட்டி முடித்த பிறகும் சொட்டு நிற்கும் முன்பும் பாருங்கள். சொட்டு ஓடும் வரை இதயத் துடிப்பு தொடர்ந்து கண்காணிக்கப்படும் படுக்கை, தனிச் சிரைக்குழாய், கைக்கெட்டும் தூரத்தில் கொழுப்புக் கரைசல், நச்சின் அறிகுறிகளைக் கண்டதும் சொட்டை நிறுத்தும் அதிகாரம் உள்ள செவிலியர் ஆகியவை இல்லாமல் முதல் நோயாளியைச் சேர்க்காதீர்கள். காயத்தில் போடும் மரப்பு மருந்தின் கணக்கையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஆய்வு முடியும் வரை, ஆய்வுக்கு வெளியே கல்லீரல் அறுவைகளில் லிடோகெயின் சொட்டை வழக்கமாக்காதீர்கள். முடிவு எதுவானாலும், பயனில்லை என்றாலும், வெளியிடுங்கள்.

ஆய்வு நடந்தாலும் நடக்காவிட்டாலும் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. ஒப்புதல் படிவத்தில் நாட்பட்ட வலியை ஓர் ஆபத்தாக எழுதுங்கள், கொடையாளர் படிவத்தில் முதலில் எழுதுங்கள். பரிசோதனைக்கு வருபவர்களின் கோப்பில் வலிக்கென்று ஒரு கட்டம் சேருங்கள், அது நிரம்பினால் வலி மருத்துவரிடம் அனுப்பும் வழியையும் சேருங்கள்.

நெறிமுறைக் குழுவிடம் தனியாக ஒன்று: இந்தத் திருத்திய வரைவுக்கு ஒப்புதல் தருவதற்கு முன், நோயாளிகள் தரப்புக் கருத்துகளில் எவை ஏற்கப்பட்டன, எவை நிராகரிக்கப்பட்டன, ஏன் என்று ஆய்வாளர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பரிசீலிக்கப்பட்டது" என்ற பதிலை ஏற்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைத்தால் வருகிறேன். என்னைப்போலக் கல்லீரல் கொடுத்தவர்களும், கட்டிக்காக வெட்டிக்கொண்டவர்களும் வரத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கல்லீரல் கொடையாளர் ஒருவர்